‘செத்தா எங்கடி போவேன்?’

கேள்வி: எனக்கு வயது 42. மதுரையில் பள்ளி ஆசிரியை. கல்லூரி விடுதியில் ஒரு தோழி மூலமாக இயேசுவை ஏற்றுக்கொண்டேன். வாக்கப்பட்டதும் கிறிஸ்தவக் குடும்பத்தில்தான். அம்மாவுக்கு 70 வயது. சாத்தூர் பக்கம் அண்ணன் வீட்டில் இருக்கிறார். கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனி கீமோ வேண்டாம், வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு மூன்று மாதம் என்கிறார்கள்.

அம்மா இருக்கன்குடி மாரியம்மன் மேல் உயிரையே வைத்திருப்பவர். சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டபோது எனக்காகத் தீச்சட்டி எடுத்தவர். நான் இரட்சிக்கப்பட்ட புதிதில், வீட்டிலிருந்த மாரியம்மன் படத்தைத் தூக்கி வெளியே போட்டு ‘இது பிசாசு’ என்று சொன்னேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் சாமி பேச்சே கிடையாது. அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்திலும் நான் சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன்.

எங்கள் சபையில் ஒரு அக்கா, ‘நீ சொல்லாமல் விட்டால் அம்மாவின் இரத்தப்பழி உன் தலையில்தான்’ என்கிறார். சபையார் பத்துப் பேர் வேன் பிடித்து வந்து ஜெபிக்கத் தயார். அண்ணனோ, ‘மதம் மாத்த ஆள் கூட்டிட்டு வந்தா போலீசுக்குப் போவேன்’ என்கிறார். போன வாரம் ராத்திரி 2 மணிக்கு அம்மா என்னை எழுப்பி, ‘செத்தா எங்கடி போவேன்?’ என்று கேட்டார். ‘அப்படியெல்லாம் பேசாதம்மா, உனக்கு ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லிப் படுக்க வைத்துவிட்டேன். அவரே வாசலைத் திறந்தும் நான் நுழையவில்லையே என்று தூக்கமே வரவில்லை. இனி எப்படிச் சொல்வது? நேரம் இருக்கிறதா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சபை அக்கா பேசுகிறார், அண்ணன் பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள். அம்மா பேசுவது ஒரே ஒரு வரி. அந்த வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

22 வருடமாக மருத்துவமனையில் சாப்ளினாக, அதாவது நோயாளிகளோடு உட்கார்ந்து பேசி ஜெபிக்கிறவனாக இருக்கிறேன், பெரும்பாலும் புற்றுநோய் வார்டில். (சாப்ளின் என்றால் அங்கே யாருக்கும் புரியாது, ‘ஜெப சார்’ என்றால்தான் தெரியும்.) அம்மா கேட்ட கேள்வி பகலில் வருவது அபூர்வம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டுப் போன பிறகு, வார்டு விளக்கை அணைத்த பிறகு, ராத்திரி ஒன்று இரண்டு மணிக்கு வரும். டாக்டரிடம் கேட்க மாட்டார்கள். என்னிடமும் கேட்க மாட்டார்கள். ராத்திரி ட்யூட்டி நர்சிடம் கேட்பார்கள், இல்லையென்றால் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் மகளிடம். உங்கள் அம்மா வீட்டில் அத்தனை பேர் இருக்க உங்களை எழுப்பியிருக்கிறார், இருபது வருடமாகச் சாமி பேச்சே இல்லாத மகளை. இதை நீங்கள் கவனித்தீர்களா?

சுவிசேஷம் சொல்லும் வாய்ப்பைத் தவறவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மா சாவைப் பற்றிப் பேச வந்தார், நீங்கள் பேச விடவில்லை. அவ்வளவுதான் நடந்தது. இதில் விசுவாசக் குறைவு ஒன்றும் கிடையாது. நம் வீடுகளில் எல்லாரும் இதைத்தான் செய்கிறோம். சாவு என்று நோயாளி வாயெடுத்தாலே ‘வாயக் கழுவு’ என்போம். அவருக்கும் தெரியும், வீட்டாருக்கும் தெரியும், இரண்டு பக்கமும் தெரியாத மாதிரி நடித்துக்கொண்டே கடைசி நாள் வந்துவிடும்.

கேட்ட கேள்வியை அம்மா மறந்திருக்க மாட்டார். அடுத்த முறை போகும்போது நீங்களே எடுத்துக் கொடுங்கள். ‘அம்மா, அன்னிக்கு ராத்திரி ஒண்ணு கேட்டியே, எனக்குப் பயமா இருந்துச்சு, அதான் பேச்சை மாத்திட்டேன். உனக்கு என்னம்மா தோணுது?’ இதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். கஷ்டமான வேலை அதுதான். அரை நிமிடம் அவர் ஒன்றும் பேசாமல் இருப்பார், நமக்கு அரை மணி நேரம் போல இருக்கும். அப்போது வசனம் எடுத்துவிடாதீர்கள்.

அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. ‘உங்கப்பாவைப் பார்ப்பேனா’ என்று கேட்கலாம். வலி இன்னும் அதிகமாகுமா என்பதுதான் அவருடைய பயமாக இருக்கலாம். எங்கள் வார்டில் ஒரு பாட்டி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, கொள்ளி வைக்கும்போது சுடுமா என்று கேட்டார். அதற்குப் போய் நான் மோட்சம் நரகம் என்று பேசியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? ‘எங்கே போவேன்’ என்று கேட்கிறவர்களில் பாதிப் பேர் ‘தனியாகவா போகணும்’ என்றுதான் கேட்கிறார்கள் என்பது என் அனுபவம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், தொண்டையில் புற்றுநோய் வந்த ஒரு பெரியவர். பேச முடியாது, சிலேட்டில் எழுதிக் காட்டுவார். வெயில் காலம். நாள் குறைவு என்று நர்ஸ் சொன்னதும் அவசர அவசரமாகப் போய்க் கட்டில் பக்கத்தில் நின்று, ஆதாமில் தொடங்கிச் சிலுவை வரை அரை மணி நேரம் சொன்னேன். முடித்துவிட்டு, ‘ஐயா, இயேசுவை ஏத்துக்கிறீங்களா?’ என்று கேட்டேன். அவர் மெதுவாகச் சிலேட்டை எடுத்தார். எனக்கு நெஞ்சு படபடத்தது. எழுதித் திருப்பிக் காட்டினார். ‘ஃபேன்’ என்று இருந்தது. ஸ்டாண்டு ஃபேனுக்கும் அவருக்கும் நடுவில் அரை மணி நேரமாக நான் நின்றுகொண்டிருந்திருக்கிறேன். மனிதர் தலையணை வரை நனைந்து போயிருந்தார். மறுநாள் காலையில் போனேன், கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள்.

சரி, இரத்தப்பழி விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் உங்களைத் தூங்க விடாமல் செய்கிறது. உங்கள் சபை அக்கா சொல்வது பைபிளில் எசேக்கியேல் 3:18. ‘அவன் இரத்தப்பழியை உன் கையிலே கேட்பேன்’ என்று அங்கே இருப்பது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் மூன்று வசனம் மேலே போய்ப் பார்ப்பதில்லை. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோன ஜனங்கள் கேபார் நதிக்கரையில் இருக்கிறார்கள். எசேக்கியேல் தீர்க்கதரிசி அவர்களிடம் போகிறார். போய் என்ன செய்தார்? ‘ஏழுநாள் அவர்கள் நடுவிலே பிரமித்தவனாய்த் தங்கினேன்’ என்கிறார். வாயே திறக்கவில்லை. அந்த ஏழு நாள் முடிந்த பிறகுதான், உன்னைக் காவலாளனாக வைத்தேன் என்ற வார்த்தை வருகிறது. அதுவும் இஸ்ரவேல் வம்சத்துக்கு வைத்த காவலாளன். வாந்தி எடுக்கும் அம்மாவுக்குத் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் மகளிடம் அந்த வசனத்தைத் தடியாக எடுத்து ஓங்குவது எனக்குச் சம்மதம் இல்லை. அந்த அக்காவுக்கும் உங்கள் அம்மா மேல் அக்கறை இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பயந்து போய்ச் சொல்கிறவரின் குரல் படுத்திருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். தனக்காகப் பேசுகிறாளா, தன் கணக்கை முடிக்கப் பேசுகிறாளா என்று.

உங்களுக்கு வேறு ஒரு வசனம் பொருந்தும். 1 பேதுரு 3:15. உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து ‘விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்’ சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று எழுதியிருக்கிறார். உங்கள் அம்மா விசாரித்துக் கேட்டுவிட்டார். ஆகவே சொல்லுங்கள். சொல்லக் கூடாது என்ற கட்சி இல்லை நான். உயிருக்கு உயிரான ஒன்று நம்மிடம் இருக்க, கேட்ட அம்மாவிடம் ஒளித்து வைப்பது மரியாதை ஆகாது.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு பாக்கி இருக்கிறது. அந்த மாரியம்மன் படம். கடிதத்தில் ஒரே வரியில் எழுதிக் கடந்து போய்விட்டீர்கள். அம்மா அப்படிக் கடந்து போயிருக்க மாட்டார். அம்மை கண்ட பிள்ளை பிழைக்க வேண்டும் என்று நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்தி வெயிலில் நடந்தவர் அவர். அந்தப் பிள்ளையே வளர்ந்து வந்து, நீ எனக்காக யாரிடம் போய் நின்றாயோ அது பிசாசு என்று சொன்னது. அவர் காதில் அது சாமியைப் பற்றிய பேச்சாக விழுந்திருக்காது. தன் கை சுட்டதே வீண் என்று சொன்ன மாதிரி விழுந்திருக்கும். அதற்கு மன்னிப்புக் கேளுங்கள். உங்கள் விசுவாசத்தை விட்டுக்கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை. ‘அன்னிக்கு அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டது தப்பும்மா. நீ எனக்காகத் தீச்சட்டி எடுத்ததை நான் மறக்கல’ என்றால் போதும். அந்த வார்த்தையோடு சேர்த்து, ‘ஆனாலும் உண்மையான தெய்வம்...’ என்று ஒரு வாலை ஒட்டாதீர்கள். அன்றைக்கு மன்னிப்பு மட்டும். மற்றது வேறொரு நாள்.

அந்த வேறொரு நாளில் என்ன சொல்வது? லண்டனில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சிசிலி சாண்டர்ஸ் என்ற பெயரை உங்கள் அம்மாவின் டாக்டரைக் கேட்டால் தெரியும். இன்று சாகும் தறுவாயில் உள்ளவர்களுக்கு வலி தணிக்கும் மருத்துவம் என்று ஒன்று தனியாக இருப்பதற்கு அவர் ஒரு பெரிய காரணம். அப்போது அவர் மருத்துவமனையில் சமூகப் பணியாளர், சில வருடம் முன்புதான் கிறிஸ்துவை உறுதியாகப் பற்றிக்கொண்டவர். 1948இல் டேவிட் டஸ்மா என்ற போலந்து யூதர் புற்றுநோயோடு படுத்திருக்கிறார், வயது 40, அந்த ஊரில் சொந்தம் என்று யாரும் இல்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லேன் என்று கேட்டிருக்கிறார். ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ என்று தொடங்கும் பைபிள் பாட்டான 23ஆம் சங்கீதத்தை சிசிலி மனப்பாடமாகச் சொன்னார். இன்னும் சொல் என்றார். சொன்னார். புத்தகத்தைப் பார்த்து வாசிக்கட்டுமா என்று சிசிலி கேட்டதற்கு அவர் வேண்டாம் என்றார், உன் மனதிலும் இதயத்திலும் இருப்பது மட்டும் போதும் என்றார். கடைசியில் தன் பிதாக்களின் தேவனோடு சமாதானம் ஆகிவிட்டதாக நர்சிடம் சொல்லிவிட்டு இறந்து போனார். சிசிலிக்கு 500 பவுண்டு பணம் விட்டுச் சென்றிருந்தார், நீ கட்டப்போகும் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லி. அந்த ஜன்னலைச் சுற்றி இல்லம் எழும்ப 19 வருடம் ஆயிற்று. சாகும் தறுவாயில் உள்ளவர்களைப் பராமரிக்க 1967இல் திறந்த செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம் அதுதான்.

டஸ்மா கேட்டதைத்தான் உங்கள் அம்மாவும் கேட்கிறார். சபையில் நோட்டில் எழுதி வைத்த ஐந்து குறிப்புகள் அவருக்கு வேண்டாம். ராத்திரி உங்களுக்கே பயம் வரும்போது நீங்கள் எதைப் பிடித்துக்கொள்கிறீர்கள் என்று சொல்லுங்கள். வீட்டுப் பேச்சிலேயே சொல்லுங்கள். ‘இரட்சிப்பு’, ‘பாவநிவாரணம்’ என்ற வார்த்தைகள் நமக்குப் பழகிவிட்டன, அவருக்கு அது கோர்ட்டுத் தமிழ். நானாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: ‘அம்மா, நான் நம்புறதைச் சொல்றேன். இயேசு செத்து எந்திரிச்சவரு. அந்த வழியில போயிட்டு வந்தவரு அவர். அவர் கையைப் பிடிச்சுக்கிட்டா தனியாப் போக வேண்டியதில்லன்னு நம்புறேன். நீயும் அவரைக் கூப்பிடலாம். என்னை நெனச்சுக்கோப்பான்னு சொன்னாப் போதும்.’ ஒரு நிமிடம்கூட ஆகாது. சிலுவையில் தொங்கிய கள்ளன் கேட்டதும் அதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. ‘அடியேனை நினைத்தருளும்’ என்று கேட்டான், ‘இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்’ என்று பதில் வந்தது. அவனுக்கு ஞானஸ்நானமும் இல்லை, ஆறு வாரப் பாடமும் இல்லை.

ஒரு முறை தெளிவாகச் சொன்னால் போதும். அவரே திரும்பக் கேட்டால் திரும்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ‘முடிவு பண்ணியாம்மா’ என்று கேட்டால், நீங்கள் வரும் பஸ் சத்தம் கேட்டாலே கண்ணை மூடிக்கொள்வார்.

இனி சில நடைமுறை விஷயங்கள். கணையப் புற்றுநோயில் முதுகு வரை வலி போகும். வலியோடு இருப்பவரிடம் எதையும் பேசாதீர்கள். வலி மாத்திரை கொடுத்து முக்கால் மணி நேரம் ஒரு மணி நேரம் கழித்து, மேல் துடைத்துவிட்டு, வாயை நனைத்துவிட்டு, கட்டில் உயரத்துக்கு ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள். நின்றுகொண்டு பேசாதீர்கள். (ஃபேனையும் பாருங்கள்.) டாக்டர் மார்ஃபின் எழுதினால் சாமி பேரைச் சொல்லிக் குறைக்கக் கூடாது. கடைசி வாரங்களில் சிலருக்கு நினைவு முன்னுக்குப் பின் குழம்பும், யார் என்ன கேட்டாலும் தலையாட்டுவார்கள். அந்த நேரத்தில் ஒரு ஜெபத்தைச் சொல்ல வைத்து, ‘ஏற்றுக்கொண்டார்’ என்று சபையில் சாட்சி சொல்வது நேர்மையான காரியம் இல்லை.

அப்புறம், சுகம். ‘இயேசுவை நம்பினா நோய் போயிடும்’ என்று நீங்களும் சொல்லாதீர்கள், மற்றவர்களையும் சொல்ல விடாதீர்கள். நான் பார்த்தவரையில் இதைப் போல விசுவாசத்தைக் கெடுத்தது வேறு எதுவும் இல்லை. நோய் போகாதபோது, தன் நம்பிக்கை போதவில்லை என்று அந்த மனுஷி கடைசி நாளில் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு சாவார். சுகத்துக்காக ஜெபியுங்கள், வாக்குக் கொடுக்காதீர்கள். நெற்றித் திருநீற்றையும் கையில் கட்டியிருக்கும் கயிற்றையும் தொடாதீர்கள். பத்துப் பேர் வேன் கண்டிப்பாக வேண்டாம். அவர்கள் மதுரையிலேயே முழங்காலில் நிற்கட்டும், அது கேட்கிறவருக்குக் கேட்கும்.

அண்ணன் போலீஸ் என்கிறார். மதம் மாற்றத் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2002இல் வந்தது, 2004இல் திரும்பப் பெற்றார்கள். நம்பிக்கையைப் பின்பற்றவும் பரப்பவும் அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு உரிமை தருகிறது. மகள் அம்மாவிடம் பேசுவது குற்றம் ஆகாது. ஆனால் இதை அண்ணனிடம் வாதாடப் போகாதீர்கள். ராத்திரி பெட்பேன் வைப்பது அண்ணன் வீட்டார், நீங்கள் சனிக்கிழமை வருகிறவர். அவருக்குத் தெரியாமல் எதுவும் செய்யாதீர்கள், அது போதும். ‘அண்ணே, அம்மா என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. நான் நம்புறதை ஒரு தடவை சொல்லப் போறேன். ஆள் யாரும் கூட்டிட்டு வரல. அம்மா வேண்டாம்னா விட்டுடுறேன்’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். முதலில் முறைப்பார். அண்ணியிடம் வலி மாத்திரை நேரத்தை எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு ராத்திரி அவர்களைத் தூங்கச் சொல்லி நீங்கள் விழித்திருங்கள். முறைப்பு கொஞ்சம் இறங்கும்.

அம்மா ‘வேண்டாம்டி, எனக்கு ஆத்தா இருக்கா’ என்று சொல்லலாம். நடக்கக்கூடியதுதான். அப்போது அழுது மிரட்டாதீர்கள், அடுத்த வேளைக் கஞ்சியை ஆற்றிக் கொடுங்கள். அதற்குப் பிறகு அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்க எனக்கும் உங்களுக்கும் அனுமதி இல்லை. சாயங்காலம் 5 மணிக்கு வேலைக்கு வந்தவனுக்கும் முழுக் கூலி கொடுத்த எஜமானின் கதை மத்தேயு 20இல் இருக்கிறது. காலையிலிருந்தே உழைத்தவர்கள் அதற்கு முணுமுணுத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது.

‘சரி’ என்று சொன்னால்? சந்தோஷம். ஞானஸ்நானம் அவரே கேட்டால், தெளிவாக இருக்கும்போது, அண்ணனுக்குத் தெரிந்து, உங்கள் ஆயரை மட்டும் அழைத்துச் செய்யுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் போதும். கேட்கவில்லை என்றால் நீங்கள் எடுக்காதீர்கள்.

நினைவு தப்பிவிட்டால் நேரம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். வான்கூவரில் சாகும் தறுவாயில் இருந்தவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்து 2020இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. அசைவே இல்லாதவர்களிலும் சிலருடைய மூளை, காதில் விழும் ஒலிக்கு எதிர்வினை காட்டியிருக்கிறது. ஆகவே பேசுங்கள், ஆனால் பிரசங்கம் வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், நான் இங்கேதான் இருக்கேன் என்று சொல்லுங்கள், 23ஆம் சங்கீதத்தை மெல்லச் சொல்லுங்கள். ‘நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும்’ என்ற இடத்தில் உங்கள் குரல் உடைந்தால் உடையட்டும்.

கடைசியாக ஒன்று. அம்மா எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடக்கமா தகனமா என்று அண்ணனோடு மல்லுக்கு நிற்காதீர்கள். பிணத்தை நடுவில் வைத்து இரண்டு பக்கம் இழுப்பதை இந்த வேலையில் நான் பார்த்திருக்கிறேன், அதைப் பார்த்த யாரும் அதற்குப் பிறகு ஆண்டவரைப் பற்றிக் கேட்க வரவில்லை. அப்பாவின் பதினாறாம் நாளில் நீங்கள் சாப்பிடாமல் போனதை உங்கள் சொந்தக்காரர்கள் இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள். படைத்ததைச் சாப்பிட உங்கள் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றால் அது உங்கள் விஷயம், ஆனால் சமையலுக்குக் காய் நறுக்கலாம், பந்தியில் பரிமாறலாம், கிளம்பாமல் இருக்கலாம். இதை அம்மா இருக்கும்போதே, அவர் காதில் விழும்படி, அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்: ‘கொள்ளி நீதான்ணே வைக்கணும். தெருமுனை வரைக்கும் நான் கூட வர்றேன்.’